குமரி மாவட்டத்தின் கலையும் எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் பிள்ளைகள், கொடை என்னும் ஊர்க்கோயில் விழாவைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், ஒரு நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் ஊரைத் தேடி பஸ் ஏறுகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒன்றிரண்டு வரியே போதும் என்று விட்டுவிட்டேன்.

இலக்கியம் காலக்கண்ணாடி என்று பரீட்சையில் எழுதினோமே, இங்கேயும் அதுதானே பதில்?

மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் கண்ணாடி தன் எதிரே நிற்கிற எல்லாவற்றையும் காட்டும். கலை அப்படிக் காட்டாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். தட்டினால் சுரம் எழுப்பும் தூண்கள், ஓங்கி நிற்கும் அனுமன், ஏழு நிலைக் கோபுரம் எல்லாம் இருக்கும். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே ஊரில் பாதிப் பேருக்கு உரிமை இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதற்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. இதில் ஒரு துளியாவது அந்தச் சிற்பங்களில் தெரிகிறதா? செதுக்கச் சொன்னவர் எதை விரும்பினாரோ அதைத்தான் கல் காட்டும்.

வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதை வேறு இடங்களில் தங்கியது. முதலில் வில்லுப்பாட்டில், அப்புறம் ஏட்டில், கடைசியாக நாவலில். இந்த மாவட்டத்தின் கலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது முக்கியமாக இதுதான்: அரசாங்கமும் அரண்மனையும் எழுதாமல் விட்ட அநியாயங்களைப் பாட்டுக்காரர்கள் கணக்கு வைத்தார்கள். பின்னால் வந்த எழுத்தாளர்கள் அந்த வேலையைத் தெரிந்தோ தெரியாமலோ ஏற்றுக்கொண்டார்கள்.

வில்லுப்பாட்டு பக்திப் பாட்டுதானே? அதில் சமூகம் எங்கே வருகிறது?

பாட்டு சாமிக்குத்தான். அந்தச் சாமி யார் என்று விசாரித்துப் பாருங்கள், சமூகம் வந்துவிடும்.

வில்லில் பாடப்படும் கதைகள் பெரும்பாலும் இரண்டு வகை. கயிலாயத்தில் பிறந்து, சிவனிடம் வரம் வாங்கிப் பூமிக்கு வரும் தெய்வங்களின் கதை ஒன்று. சுடலைமாடன், முத்தாரம்மன் கதைகள் இதில் சேர்த்தி. மற்றது, இதே மண்ணில் மனிதராகப் பிறந்து, அநியாயமாகச் செத்து, அப்புறம் பீடம் வாங்கித் தெய்வமானவர்களின் கதை. இவர்களை வாதைகள் என்பார்கள்.

பொன்னிறத்தாள் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தவள். புதையல் எடுக்கச் சூலியை (கர்ப்பிணியை) பலி கொடுக்க வேண்டும் என்று நம்பிய கள்ளர்கள் கையில் அகப்பட்டுச் செத்தாள். முத்துப்பட்டன் பிராமணன். அருந்ததியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, பூணூலை அறுத்தெறிந்து, மாட்டுக்காவல் பார்த்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தான். இது நெல்லைப் பக்கத்துக் கதை என்றாலும் இங்கேயும் பாடுவார்கள். முப்பந்தல் இசக்கியின் கதையில், நகைக்காக நம்பியவனே கொன்றுபோட்ட பெண் மறுபிறவி எடுத்து வந்து பழி தீர்க்கிறாள். அதே இசக்கியிடம்தான் குழந்தை வேண்டி மரத்தொட்டில் கட்டுகிறார்கள்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால், எந்தெந்தச் சாவுகள் இந்த ஊர்களின் மனசை அறுத்தன என்பது தெரிந்துவிடும். புதையல் ஆசை, சாதி தாண்டிய கல்யாணம், கர்ப்பிணிக் கொலை, நம்பியவனின் துரோகம். இந்தக் கதைகளில் வழக்கு நடந்து தண்டனை கிடைப்பது அபூர்வம். கொன்றவன் குடும்பத்தில் நோய் விழும், மாடு சாகும், விளைச்சல் கருகும். பிரசன்னம் (குறி) பார்ப்பார்கள். செத்தவர் கோபமாக இருக்கிறார் என்று தெரியவரும். பீடம் போட்டுக் கொடை கொடுத்தால் அடங்குவதாக வாக்கு வரும். அதன்பிறகு ஒவ்வொரு கொடையிலும் அந்தக் கொலையை விரிவாக, பெயர் சொல்லி, ஊர் முன்னால் பாடியாக வேண்டும். குற்றத்தை மூடி மறைக்க விடாத ஏற்பாடு இது. இதை யார் யோசித்துச் செய்தார்களோ, சாதாரண ஆட்கள் இல்லை.

பாடுகிற முறையும் இதற்கு ஏற்றபடிதான். நடுவில் முதன்மைப் பாடகரான அண்ணாவி மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடித்துக் கதை சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. பக்கப்பாட்டுக்காரர்கள் அவர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று நிதானமாகத் தொடங்கும் கதை, சாவு நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். வெட்டு விழும் கட்டத்தில்தான் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். செத்தவர் அந்த நேரத்தில் எழுந்து நின்று ஆடுவதாக அர்த்தம். இதில் எது பக்தி, எது சமூகம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

பெண்கள் வில்லடிக்கிறார்களா?

அடிக்கிறார்கள். பெண்களே அண்ணாவி இடத்தில் அமர்ந்து நடத்தும் குழுக்கள் உண்டு.

வில்லுப்பாட்டுக் கதைகள் நிஜமாக நடந்தவையா?

சில கதைகளின் மையத்தில் வரலாறு உண்டு. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டுப் (திருவிதாங்கூருக்கு முந்தைய நாடு) படைக்கும் மதுரைத் திருமலை நாயக்கர் படைக்கும் சண்டை நடந்தது. வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை அதில் விழுந்தார். கதைப்பாடலைக் கேட்டால் எதிரியின் வாளைவிடக் கூட இருந்தவர்களின் சதிதான் பெரிதாக வரும். தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டு போகாதே என்று மன்றாடுவார்கள். அவர் கேட்காமல் போவார்.

இதைவிட முக்கியமானது தம்பிமார் கதை. மார்த்தாண்டவர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டவர். பத்மநாபபுரத்தில் இருந்துகொண்டு திருவிதாங்கூரைப் பெரிய நாடாக்கியவர். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். அவருக்கு முன்னே ஆண்ட ராமவர்மாவின் மகன்களான தம்பிமாரை ஒழித்துத்தான் அவர் அதிகாரத்தை உறுதி செய்துகொண்டார். மருமக்கள் வழிப்படி பட்டம் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு. மகன்களுக்கு அந்த உரிமை கிடையாது. சி.வி. ராமன்பிள்ளை 1891இல் மலையாளத்தில் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவலில் தம்பிமார் வில்லன்கள். நம்முடைய தமிழ்க் கதைப்பாடலிலோ அவர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட வீரர்கள். அவர்களுடைய தங்கை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அண்ணன்மாரும் தங்கையும் தெய்வமாகிறார்கள்.

எது உண்மை என்று என்னிடம் கேட்காதீர்கள். ஜெயித்தவர் தரப்பு நூலாகவும் பாடமாகவும் நிலைத்தது. தோற்றவர் தரப்பு கொடைமேடையில் நிலைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வாய்ப்பு எத்தனை மாவட்டங்களுக்குக் கிடைக்கும்?

தோள்சீலைப் போராட்டம் எந்த இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது?

முதலில் விஷயம். திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை அணியத் தடை இருந்தது. 1820களில் தொடங்கிய மோதல்கள் 1859 வரை நீண்டன. அந்த வருஷம் ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை.

இந்தக் காலத்தின் மூச்சை அப்படியே வைத்திருக்கும் நூல் அகிலத்திரட்டு அம்மானை. அய்யா வைகுண்டர் (1809–1851) சொல்ல, சீடர் ஹரிகோபாலன் ஏட்டில் எழுதியது என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். புராணம் மாதிரிதான் தொடங்கும், யுகங்கள் வரும், நாராயணர் வருவார். நடுவில் திடீரென்று வரிக்கொடுமை வரும். தாலிக்கு வரி, அரிவாளுக்கு வரி, பனைக்கு வரி. அனந்தபுரத்து (திருவனந்தபுரத்து) அரசனைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றும் பேசுகிற துணிச்சல் அந்தக் காலத்தில் வேறெந்தத் தமிழ் நூலில் உண்டு? அய்யா சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்ட கதையும் அதில் இருக்கிறது.

அய்யா வழிபாட்டு முறைகளையே ஒரு கலையாகத்தான் நான் பார்க்கிறேன். தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாதிருந்த ஆண்கள் தலைப்பாகையோடு சாமி கும்பிடுகிறார்கள். அய்யாவழிக் கோயிலான பதியின் கருவறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடி இருக்கிறது. கும்பிடுகிறவன் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தீண்டாதே என்று சொல்லப்பட்ட ஒருவனுக்கு அது என்ன அனுபவமாக இருந்திருக்கும்! சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் திருஏடு வாசிப்பு நடக்கும். பாராயணத்தின் ராகத்தில் கேட்டால்தான் அந்த நூலின் துக்கமும் கோபமும் பிடிபடும். அச்சில் வாசித்துவிட்டு நடை சரியில்லை என்று சொல்கிற தமிழாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஏட்டு வாசிப்புக்கு ஒருநாள் போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு கவிதை சட்டத்தை மாற்றிய கதை இங்கே உண்டு என்கிறார்களே?

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தைத்தான் சொல்கிறார்கள். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணியைக் குழந்தைப் பாட்டு எழுதியவராக மட்டுமே பலருக்குத் தெரியும். இந்த நூலைப் படித்தால் அவர் எவ்வளவு குறும்புக்காரர் என்பது புரியும்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அப்போது மருமக்கள் வழி இருந்தது. காரணவர் (குடும்பத் தலைவர்) செத்தால் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். கவிமணி இதை ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவியின் வாயால் சொல்கிறார். அவள் புலம்புகிறாள், நமக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கிறது. வழக்கு, வக்கீல், மாமியார், சக்களத்தி, அடுக்களை என்று ஒரு குடும்பம் முழுவதும் அதில் இருக்கிறது. பத்திரிகையில் தொடராக வந்தபோது சொந்தச் சமூகத்துப் பெரிய மனிதர்களுக்கே கோபம் வந்தது.

1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள் வழி உரிமை நிலைபெற்றது. கவிதையால்தான் சட்டம் வந்தது என்று மேடையில் பேசலாம், கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பிருந்தே சமூகத்துக்குள் சீர்திருத்தக் குரல்கள் இருந்தன, மனுக்கள் போயின. பழைய வழக்கத்தைக் காப்பாற்றப் பேசுகிறவர்களை ஊரார் பார்த்துச் சிரிக்கும்படி ஆக்கியது கவிமணியின் வேலை. அதுவே பெரிய காரியம்.

கிறிஸ்தவம் வந்தபின் பழைய கலைகள் அழிந்துவிட்டனவா?

சில அழிந்தன, சில வேஷம் மாறின. வில்லில் விவிலியக் கதை பாடினார்கள். கோல் அடித்து ஆடும் களியலில் கிறிஸ்தவப் பாட்டும் நுழைந்தது. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கத்தின் ராகத்தைக் கேளுங்கள், அசல் ஒப்பாரி. மகனைப் பறிகொடுத்த மரியாளின் துக்கத்தைப் பாடும் குரலில், கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த நம்மூர்த் தாயும் இருப்பாள்.

தென்னிந்தியாவின் தொடக்ககாலப் புராட்டஸ்தாந்து ஊர்களில் மயிலாடி முக்கியமானது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்த ஊர். 'கிறிஸ்தாயனம்' பாடிய ஜான் பால்மர் அந்த ஊர்க்காரர். அதே மயிலாடிதான் இன்று கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரே பட்டறையில் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் உளிக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

தேவசகாயம் பிள்ளையின் கதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்டவர்மாவின் அரசில் வேலை பார்த்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சித்திரவதைகளுக்குப் பிறகு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்மக்கள் அவர் கதையை நாடகமாக நடித்தும் பாட்டாகப் பாடியும் அவரைப் புனிதராக்கிவிட்டார்கள். அநியாயமாகச் செத்தவருக்கு மரியாதை செய்கிற மனசு மதம் மாறினாலும் மாறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் முகம் சுளிப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, யாரும் கலையென்று கணக்கில் எடுக்காதது: லேஸ் பின்னல். மார்த்தா மால்ட் போன்ற மிஷனரி மனைவிமார் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது, அதை ஒழித்தது 1855இல். பின்னல் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு.

முஸ்லிம் எழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

தக்கலையில் தொடங்க வேண்டும். பீர் முகம்மது அப்பா நெசவு செய்து பிழைத்த சூஃபி. அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டுவிழாவில் ரஜப் மாதத்து இரவில் கூட்டமாக அமர்ந்து விடிய விடியப் பாடுகிறார்கள். சித்தர் பாடல் பழக்கமுள்ள யாருக்கும் அந்தத் தமிழ் அந்நியமாகத் தெரியாது.

அப்புறம் தேங்காப்பட்டணம். தோப்பில் முகமது மீரான் (1944–2019) பிறந்த ஊர். மலையாளத்தில் படித்தவர், மிளகாய் வியாபாரம் செய்தவர். 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஒரு முதலாளியின் அதிகாரமும், பக்தியைக் காசாக்கும் தங்ஙள் என்னும் மதப் பெரியவரின் தந்திரமும், ஊருக்கு வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் பயமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தன் சமூகத்தை வெளியாளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த நாவலில் அவர் வெறுக்கும் ஆட்கள் உண்டு, ஆனால் நம்பிக்கையை அவர் எங்கேயும் கேலி செய்யவில்லை. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நான் முதல் நாவலைத்தான் மேலே வைப்பேன்.

பனையேறிகளின் வாழ்க்கை எந்த நாவலில் வருகிறது?

ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் எழுதிய 'புத்தம் வீடு'. அக்கானி (பதநீர்) இறக்கும் தங்கராஜுக்கும், நொடித்துப்போன ஆனால் பெருமை குறையாத வீட்டுப்பெண் லிஸிக்கும் இடையேயான பிரியம். இருவரும் ஒரே சாதி, ஒரே வேதம். இருந்தும் பனையேறுகிறவனுக்கும் நிலம் வைத்திருந்தவனுக்கும் நடுவே சுவர். சாதிக் கொடுமை என்றால் மேல்சாதி கீழ்சாதி என்று மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த நாவல் வேறொன்றைக் காட்டும். நீளமும் அதிகமில்லை. குமரி இலக்கியத்தில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி?

தண்ணீர் விசேஷம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சில காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மிஷன் பள்ளிகளும் நாகர்கோவில் மிஷன் அச்சகமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டோடு இருந்ததால் இரண்டு மொழிகளின் இலக்கியமும் கைக்கெட்டியது. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தது அப்படித்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல், விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையும் ரப்பரும், தெற்கே நெடுகக் கடல். அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் பேச்சு மாறும், சாமி மாறும், மீன்குழம்பின் ருசிகூட மாறும். உரசல் அதிகமுள்ள இடத்தில் கதையும் அதிகம்.

எல்லாரும் ஒரே கதையை எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் செட்டிமார் வீட்டுச் சடங்குகளுக்குள் ஒரு பெண் நசுங்குவதைச் சொல்கிறது. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) படித்த ஏழைப் பையன் பணக்கார வீட்டு மாப்பிள்ளையாகிப் படும் அவமானத்தைச் சொல்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) ஒரு நாற்சந்தி மரத்தை நகராட்சி அரசியலும் வியாபாரமும் சேர்ந்து கொல்வதைச் சொல்கிறது. அந்த மரத்தையும் வெட்டுப்பட்ட வாதைகளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மலர்வதியின் 'தூப்புக்காரி' துப்புரவு வேலை செய்யும் பெண்ணின் கதை. 2012இல் சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் பெற்றது. என்.டி. ராஜ்குமாரின் கவிதைகளில் மந்திரவாதமும் தலித் கோபமும் ஒரே மூச்சில் வரும். அவற்றைப் படிக்கும்போது உடுக்கைச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும்.

மண்டைக்காட்டுக் கலவரம் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

1982 மார்ச்சில், மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை சமயத்தில் தொடங்கி, துப்பாக்கிச்சூடு வரை போய், கடலோர ஊர்களையும் உள்நாட்டு ஊர்களையும் கிழித்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் அது. பொன்னீலனின் 'மறுபக்கம்' அதைக் கையில் எடுக்கிறது. தோள்சீலைக் காலம்வரை பின்னோக்கிப் போய், இந்தப் பகை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறது. நாவலா, ஆவணமா என்று பல இடங்களில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் பெரியவர்கள் வீட்டில் பேசாமல் விட்டதை அச்சில் வைத்தது பெரிய உதவி. அந்தக் கோயிலுக்கு அண்டை ஊர் மீனவர்களும் வந்துபோன காலத்தைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆவணங்களில் இல்லாத செய்திகள் கிடைக்கும்.

சுனாமியும் ஒக்கியும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன?

போதாது என்பதுதான் என் பதில். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் பட்டதற்கு ஈடான ஒரு நாவல் இன்னும் வரவில்லை. கல்லறை நினைவிடங்களும், ஒவ்வோராண்டும் நடக்கும் திருப்பலியும், பெயர் வாசிப்பும்தான் பெரிய பதிவுகள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் நிறையப் பேர் திரும்பவில்லை. ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் போய் அமர்ந்தார்கள். திவ்யபாரதியின் 'ஒருத்தரும் வரேல' என்ற ஆவணப்படம் அந்தக் குரல்களை அப்படியே வைத்திருக்கிறது.

கடல்புரத்துப் பழைய கலை அம்பாப் பாட்டு. கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கும்போது, வள்ளம் தள்ளும்போது மூச்சுக்குத் தாளமாகப் பாடுவது. எஞ்சின் வந்ததும் பாட்டுக்கு வேலை போய்விட்டது. வலை இழுக்கிறவனுக்குக் கை நோவு குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பாட்டு போய்விட்டதே என்று வெளியில் நின்று அழுவது எளிது.

தோல்பாவைக்கூத்து இன்னும் நடக்கிறதா?

மிகக் குறைவாக. வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள்தான் தமிழில் ராமாயணம் நடத்துகிறார்கள். ராமனும் சீதையும் கதைக்கு, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஜனங்களுக்கு. ஊர் நடப்பு, விலைவாசி, பஞ்சாயத்துச் சண்டை எல்லாம் இந்த இரண்டு கோமாளிகளின் வாயில்தான் வரும். இந்தக் கலையையும் கதைப்பாடல்களையும் பல பத்தாண்டுகள் அலைந்து பதிவு செய்தவர் அ.கா. பெருமாள். அவர் நூல்களைத் தொடாமல் இந்த மாவட்டத்தைப் பற்றி ஆய்வேடு எழுத முடியாது.

சிதறால் மலையைக் கலைக்காகப் பார்க்கலாமா, மதத்துக்காகவா?

இரண்டுக்கும். 9ஆம் நூற்றாண்டில் அது சமணர் மலை. பாறையில் தீர்த்தங்கரர்களும் அம்பிகையும் புடைப்பாக நிற்கிறார்கள். குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. பின்னால் பகவதி கோயிலானது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் சமண உருவங்கள் உண்டு. மத்தியான வெயிலில் ஏறாதீர்கள்.

வட்டார வழக்கு புரியவில்லை, என்ன செய்வது?

சத்தமாக வாசியுங்கள். முக்கால்வாசி புரிந்துவிடும். எழுத்தாளர் குமாரசெல்வாவின் விளவங்கோட்டுத் தமிழுக்கு மட்டும் உள்ளூர் நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஆய்வேட்டில் நாவலை வரலாற்றுச் சான்றாகக் காட்டலாமா?

நடந்த சம்பவத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். ஜனங்கள் எதை நினைத்து வருந்தினார்கள், எதற்கு வெட்கப்பட்டார்கள், எதைச் சொல்லப் பயந்தார்கள் என்பதற்குத் தாராளமாகக் காட்டலாம். தம்பிமார் கதையை வைத்து 1730களின் தேதி சொல்ல முடியாது. அந்தச் சாவுகளை நாஞ்சில் நாடு எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்ல முடியும்.

நேரில் கேட்க எப்போது வரலாம்?

பங்குனி, சித்திரையிலும் ஆடியிலும் கொடைகள் நிறைய. செவ்வாய், வெள்ளியை ஒட்டி இருக்கும். சுவரொட்டியைப் பார்த்தோ டீக்கடையில் கேட்டோ தெரிந்துகொள்ளலாம். கோயில் நிர்வாகிகளில் ஒருவரைப் பார்த்து, இன்ன ஊரிலிருந்து கதை கேட்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் உட்கார இடமும் சாப்பாடும் கிடைக்கும். அண்ணாவியிடம் எந்தக் கதை, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தீபாராதனைக்காகக் கதையை நடுவில் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள், அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்குங்கள், குழுவுக்கு ஏதாவது கொடுங்கள். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். ஊர்க்காரர்கள் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அடுத்த வருஷம் வருகிற ஆய்வு மாணவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.